அரை டம்ளர் கூழ்

யக்கா,

உன் எவர்சில்வர் தூக்குச் சட்டி என் சமையல் மேடைமேல் இருக்கிறது. மூடியைத் திறந்தேன். புளித்த கேழ்வரகும் மோரும் சின்ன வெங்காயமும் கலந்த வாசனை குப்பென்று வந்தது. உடனே மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் திறந்தேன். கோயிலிலிருந்து வந்ததிலிருந்து இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

இன்று ஆடி மூன்றாவது ஞாயிறு. கோயில் ஒலிபெருக்கி இன்னும் ஓயவில்லை. போன வருடம் இதே ஞாயிற்றுக்கிழமை, இதே தூக்கை நீ என் முன்னால் நீட்டினாய். கரண்டி என் கையில் இருந்தது. நான் ஊற்றவில்லை. தெருவே பார்க்க, வெறும் தூக்கோடு உன்னைத் திருப்பி அனுப்பினேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். அந்தப் பேச்சை முடிக்கத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். கேன்டீன் ஸ்டோரில் நாளைக்கு எத்தனை மூட்டை அரிசி வேண்டும் என்று எழுதுவதைத் தவிர எனக்கு எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் நீ வழக்கம்போல் சிரித்துக்கொள்.

ஒரகடம் கம்பெனி கேன்டீனில் நான் சேர்ந்த முதல் நாள் உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு ஸ்டோர் வேலை. உனக்குச் சோற்று வேலை. ஆவி வந்துகொண்டிருந்த பெரிய பாத்திரத்திலிருந்து ஒரு பருக்கையை எடுத்து, விரல் நடுவே நசுக்கிப் பார்த்து, "இன்னும் ரெண்டு நிமிசம்" என்றாய். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. நான் அரிசியைத் தராசில் வைத்து, கால் கிலோ கூட இருக்கிறது என்று திருப்பி எடுத்தேன். நீ இடுப்பில் கைவைத்து என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

"இன்னாடி இது, கலெக்டரு வந்துகீது நம்ம கேன்டீனுக்கு!"

அன்றிலிருந்து நான் உனக்குக் கலெக்டர்தான். பெயர் சொல்லி நீ என்னைக் கூப்பிட்டதாக ஞாபகமே இல்லை. பிறகு உன் தெருவிலேயே, உன் காம்பவுண்டிலேயே எனக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுத்ததும் நீதான். உன் வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவில் ஒரு குழாயடிதான் இடைவெளி.

மூன்று ஷிப்டுக்கும் சோறு போகும். ஆயிரம் பேர் சாப்பிட்டுக் கை கழுவிப் போன பிறகு, மூன்றரை மணிக்கு நாம் தட்டெடுப்போம். காலையில் ஒரு வாய் உப்புமாவோடு வந்தவர்கள் நாம். நடுவில் ருசி பார்க்கிறேன் என்று ஒரு கரண்டி, தலை சுற்றுகிறது என்று சர்க்கரை தூக்கலாக இரண்டு டீ. மூன்றரைக்கு உன் தட்டில் மலை மாதிரி சோறு இருக்கும். நடுவில் குழி பறித்துச் சாம்பார் ஊற்றுவாய். "சோறாக்கறவ வயிறு காலியா இருக்கக் கூடாதுடி" என்பாய். நீ சாப்பிடுவதைப் பார்த்தாலே எனக்கும் பசிக்கும். உன்னோடு உட்கார்ந்து நானும் இரண்டு சுற்று பெருத்தேன்.

கம்பெனியில் மருத்துவ முகாம் போட்ட அன்று, விரலில் குத்தி ரத்தம் பார்த்த பெண் உன்னை மட்டும் தனியாக உட்கார வைத்தாள். மறுபடியும் குத்திப் பார்த்தாள். சர்க்கரை முந்நூற்றைத் தாண்டியிருந்தது. உனக்கு அது உறைக்கவே இல்லை. "பாஸா ஃபெயிலாம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டாய். அவள் சிரிக்கவில்லை.

அப்போதிருந்து ஆரம்பித்தது சோற்றோடு நம் சண்டை. டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். வேளைக்கு ஒரு கப், காய்கறி இரண்டு மடங்கு. எளிமையான விஷயம்தான். நாம்தான் அதைச் சிக்கலாக்கினோம். சர்க்கரை என்றால் சப்பாத்தி என்று நம் தெருவில் எல்லாருக்கும் தெரியுமே! நான் தினமும் உனக்கு நாலு சப்பாத்தி சுட்டு எடுத்து வந்தேன். நீயும் சமர்த்தாக நாலையும் தின்றாய். அப்புறம் தட்டைத் துடைத்துவிட்டு, சோற்றுப் பாத்திரத்தின் பக்கம் போனாய்.

"எங்க போற?"

"சோறு துன்ன வாணாமா?"

"இப்பத்தான நாலு சப்பாத்தி துன்ன!"

"அது மருந்துடி. மருந்து துன்னுட்டு யாராச்சும் சாப்பாட்ட வுடுவாங்களா?"

அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பின்மேலேயே கோபம் வருகிறது. ஏழெட்டு மாதம் நீ சப்பாத்தியும் தின்றாய், சோறும் தின்றாய். அதைப் பார்த்துக்கொண்டு நானும் இருந்தேன்.

பிறகு கம்பெனியில் புதன்கிழமை சிறுதானிய நாள் என்று கொண்டுவந்தார்கள். சுவரெல்லாம் கம்பும் தினையும் படம் ஒட்டினார்கள். வெள்ளை அரிசிமேல் சிவப்பாகக் குறுக்குக் கோடு போட்டு ஒரு படம். நீ அதன் முன்னால் நின்று, "பாவம், அது இன்னாடி பண்ணுச்சு" என்றாய். அசெம்ப்ளி லைனிலிருந்து வந்த பையன்கள் தினைப் பொங்கலைப் பார்த்து, "யக்கா, சோறு இல்லியா யக்கா?" என்று உன் காலில் விழாத குறையாகக் கேட்டார்கள். ஆனால் உனக்குள் எதுவோ ஒன்று பிடித்துக்கொண்டது. கேழ்வரகு நல்லது என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா? நீ சின்ன வயதிலிருந்து ஆசையாகக் குடித்த ஒன்றை முதல்முறையாக ஒரு சுவர் நல்லது என்று சொல்கிறது. அதிலிருந்து காலையில் ஒரு சொம்பு நிறையக் கூழ். டாக்டரிடம் பெருமையாகச் சொன்னாய். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கேழ்வரகு நல்லதுதாம்மா. ஆனா அதுவும் மாவுதான். சலிச்ச மாவக் கரைச்சு, காய்ச்சிக் குடிச்சா சர்க்கரை சட்டுனு ஏறும். சொம்பு சொம்பா குடிச்சா அரிசி என்ன, ராகி என்ன?"

வெளியே வந்து ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்ததும் நீ சொன்னாய்: "இந்த டாக்டருங்களுக்கு நம்ம வாயிக்கு புடிச்சது எதுன்னு எப்டிதான் தெரியுதோ."

கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கி நீ விழுங்கிய மாத்திரைகளை நான் கவனிக்கவில்லை; அவை சிறுநீரகத்துக்கு ஆகாது என்றும் தெரியாது. எட்டு மணி நேரம் நிற்கிற வேலை, யாருக்குத்தான் கால் வலிக்காது என்று இருந்துவிட்டேன். கால் வீங்கியது. முகம் வீங்கியது. ஒருநாள் நீ பருக்கையை நசுக்கிப் பார்க்காமலேயே பாத்திரத்தை இறக்கச் சொன்னாய். சோறு வேகவில்லை. அத்தனை வருடத்தில் அன்றுதான் கேன்டீனில் சோறு திரும்பி வந்தது. அடுத்த வாரம் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்றார்கள்.

வாரத்தில் திங்களும் வியாழனும் டயாலிசிஸ். உன் பெண் கல்யாணமாகித் திருவள்ளூர்ப் பக்கம் போய்விட்டாள். கைக்குழந்தை வேறு. அதனால் நான் ஷிப்டு மாற்றிக்கொண்டு உன்னோடு வந்தேன். சிங்கப்பெருமாள் கோவில் வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து டயாலிசிஸ் சென்டருக்கு ரயில். உள்ளே உன்னைப் படுக்க வைத்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். நான் வெளியே பெஞ்சில் நாலு மணி நேரம் இருப்பேன். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்டதில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள், பின்னால் வரும்.

முதல் வாரமே உணவுப் பட்டியல் ஒன்று கொடுத்தார்கள். அதை எழுதிக்கொடுத்த அம்மா பொறுமையாகச் சொன்னார். கேழ்வரகு, கம்பு, முழுக் கோதுமை இவற்றிலெல்லாம் பொட்டாசியமும் பாஸ்பரசும் அதிகம். நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். உன்னுடையதால் முடியாது. பொட்டாசியம் ரத்தத்திலேயே தங்கினால் இதயத்தை நிறுத்திவிடும். அதனால் அவையெல்லாம் வேண்டாம். தீட்டிய வெள்ளை அரிசி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்தது, அளவாக, அதுதான் உனக்கு நல்லது.

நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன்.

"அஞ்சு வருசமா சோத்த துன்னாத துன்னாதன்னு உசுர எடுத்தீங்க. இப்ப அத்தயே துன்னுன்றீங்க. இத்த மொதல்லயே சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு நிம்மதியா துன்னுகினு இருந்திருப்பேனே!"

அந்த அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீ சிரித்துக்கொண்டே அழுததை நான் மட்டும் பார்த்தேன்.

பட்டியலைப் படப்பையில் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லாமினேட் செய்து உன் அடுப்பங்கரையில் மாட்டினேன். காயை நறுக்கி, வெந்நீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வேகவைக்க வேண்டும். ஒரு நாளைக்குக் குடிக்கிற தண்ணீர், காபி, மோர் எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர்தான். காலையில் ஒரு பாட்டிலில் பிடித்து உன் முன்னால் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். நான் பிறந்ததே இந்த வேலைக்குத்தான் என்கிற மாதிரி செய்தேன். கலெக்டர் என்று நீ பெயர் வைத்தது சும்மா இல்லையே.

சித்திரை வெயிலில் ஒருநாள் பொட்டாசியம் அதிகம், கூடவே கூடாது என்று பட்டியலில் இருந்த இளநீரை நீ யாருக்கும் தெரியாமல் குடித்தாய். ஒன்றல்ல, இரண்டு. மதியம் மூச்சு முட்டி, கைகால் துவண்டு, ஆட்டோவில் உன்னை என் மடியில் கிடத்திக்கொண்டு போனேன். வழியெல்லாம் லாரி. ஆட்டோக்காரர் வண்டியை ஒரு கையால் தட்டித் தட்டிக் கத்திக்கொண்டே ஓட்டினார். பிழைத்துவிட்டாய். மறுநாள் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்:

"எனக்கு வாய கட்ட முடியாதுடி. நீதான் கறாரா இருக்கணும். நான் அழுதாலும் குடுக்காத. கால்ல வுழுந்தாலும் குடுக்காத. இன்னா?"

"செரி" என்றேன்.

"என் பொண்ணுமேல சத்தியமா?"

சத்தியம் செய்தேன். யக்கா, அந்தச் சத்தியத்தை நீதான் வாங்கினாய். இதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. ஆனால் அது நடந்தது.

இனி கூழுக்கு வருகிறேன்.

நம் தெருவில் ஆடிக் கூழ் எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் நொய் போட்டுக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, குடத்தில் எடுத்து வந்து, கோயில் முன்னால் இருக்கிற ஒரே அண்டாவில் ஊற்றுவார்கள். யார் வீட்டுக் கூழ் எது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. அப்புறம் வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்ற வேண்டும். யார், எந்த ஊர், எதற்கு என்று கேட்கக் கூடாது. கம்பெனிக்கு வந்திருக்கிற ஒடிசாப் பையன்கள் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார்கள். பஸ் டிரைவர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வருவார்கள். நீட்டின கைக்கு ஊற்றுவதுதான் வழக்கம். பதினைந்து வருடமாக அந்தக் கரண்டி உன் கையில்தான் இருந்தது. படுத்த வருடம் அதை என்னிடம் கொடுத்து, "நீயே ஊத்து. ஆனா கேன்டீன் மாதிரி அளக்காத" என்றாய். அந்த ஆடி முழுவதும் நீ வாசற்கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாய். வாசனை வருகிறது, தாங்கவில்லை என்றாய்.

அதற்கடுத்தது போன வருட ஆடி. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. எனக்குத் தோள் கழன்றுவிடும் போல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் வரிசையில் நீ. மஞ்சள் புடவை. கையில் ஊசி குத்திக் குத்திப் புடைத்த நரம்பைத் தலைப்பால் மூடியிருந்தாய். நாலடி நடந்தாலே மூச்சு வாங்குகிறவள் எவ்வளவு நேரமாக அந்த வெயிலில் நின்றாயோ தெரியாது. உன் முறை வந்ததும் தூக்கின் மூடியைத் திறந்து நீட்டினாய். முகத்தில் ஒரு குறும்பு இருந்தது. அந்தக் குறும்பைத்தான் நான் தப்பாகப் படித்தேன். இளநீர் குடித்த அன்று காலையிலும் உன் முகம் அப்படித்தான் இருந்தது.

"உனக்குக் கெடயாது யக்கா" என்றேன்.

"எனக்கு இப்ப குடிக்க இல்லடி. ஊத்து. அப்பறம் சொல்றேன்."

"அப்பறம் இன்னா சொல்லப் போற? இளநிக்குச் சொன்ன கதையா?"

"ஏய், ஊத்துடி. பின்னால ஜனம் நிக்கிது."

"குடிக்க இல்லன்னா இன்னாத்துக்கு? தெரு நாயிக்கு ஊத்தப் போறியா? நகரு யக்கா. நெக்ஸ்டு!"

கேன்டீனில் டோக்கன் இல்லாதவனிடம் சொல்கிற மாதிரி 'நெக்ஸ்டு' என்றேன். யாரோ சிரித்தார்கள். அதைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். தூக்கின் மூடியைப் போட்டாய். அது சரியாக உட்காரவில்லை. இரண்டாம் தடவை அழுத்திப் போட்டாய். பிறகு வரிசையைவிட்டு விலகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போனாய். நான் அடுத்தவருக்கு ஊற்றினேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று இருந்தது.

சாயங்காலம் குழாயடியில் உன்னைப் பார்த்தேன். நீ குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். திங்கட்கிழமை காலை நான் கிளம்பி வந்தபோது உன் கதவில் பூட்டு. எனக்கு முன்னாலேயே தனியாகப் போயிருந்தாய். எனக்கும் ரோஷம் வந்தது. உன் நல்லதுக்குத்தானே செய்தேன், நீயே வந்து பேசு என்று இருந்தேன். செவ்வாய்க்கிழமையும் அப்படியே போனது. புதன்கிழமை எனக்கு வார விடுமுறை. அன்றைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். தெருவில் உன் கோபம் மூன்று நாளைத் தாண்டாது என்று எல்லாருக்கும் தெரியும்.

புதன்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். உன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. யக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். நீ அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். தூங்குகிற மாதிரிதான் இருந்தது. பக்கத்தில் சோற்றுப் பானை வடிதட்டின்மேல் கவிழ்ந்திருந்தது. கஞ்சி முழுவதும் இறங்கி ஆறியிருந்தது. வடித்த பானையை நிமிர்த்த உனக்கு நேரமில்லாமல் போயிருக்கிறது. தலைக்கு மேலே நான் மாட்டிய பட்டியல். கடைசி வரைக்கும் அதில் சொன்னபடிதான் நீ சமைத்திருக்கிறாய். டாக்டர், இதயம் நின்றுவிட்டது, இந்த நோய்க்காரர்களுக்கு இப்படி ஆவது உண்டு, யார் மேலும் தப்பில்லை என்றார். அந்தப் பானையை நான்தான் நிமிர்த்தினேன். ஒரு கப் சோறு இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து, உன் பெண்ணோடு டயாலிசிஸ் சென்டருக்கு உன் ஃபைலை வாங்கப் போனேன். அங்கே ஒரு தெற்கத்திச் சிஸ்டர் இருப்பாரே, உன்னை "எம்மா" என்று கூப்பிடுபவர், அவர் என்னைப் பார்த்ததும் கண்கலங்கினார். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, "பாவம், அந்தக் கூழைக்கூட அவங்களால குடிக்க முடியாமப் போச்சே" என்றார்.

எந்தக் கூழ் என்று கேட்டேன்.

"ஒங்களுக்குத் தெரியாதா? மெஷின்ல போட்ட மொத ஒரு மணி நேரத்துல, ஆசப்பட்டதக் கொஞ்சமா சாப்புட விடுவோம்லா. அப்பம் ரத்தம் சுத்தமாகிக்கிட்டுதான இருக்கும். எல்லாருக்கும் கெடையாது, டாக்டர் ரிப்போர்ட்டப் பாத்துச் சொல்லணும். எம்மா ஒரு மாசமா கேட்டுக்கிட்டே இருந்தாங்க, ஆடிக் கூழ் குடிக்கணும், ஆடிக் கூழ் குடிக்கணும்னு. டாக்டர் சிரிச்சிட்டு, அர டம்ளர், அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாதுன்னாரு. சின்னப் புள்ள மாதிரி சந்தோசம் அவங்களுக்கு. எங்க தெருவுல என் தங்கச்சிதான் இப்பம் கூழு ஊத்துதா, அவ கையால வாங்கிட்டு வாரேன்னு எல்லாத்துட்டயும் சொல்லிக்கிட்டிருந்தாங்க."

அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"திங்கக்கெழம வெறுங்கையோட வந்தாங்க. எங்கம்மா கூழுன்னு கேட்டேன். கூட்டம் ஜாஸ்தி சிஸ்டர், நம்ம முறை வர்றதுக்குள்ள தீந்துபோச்சு, அடுத்த ஆடிக்கிப் பாத்துக்கலாம்னாங்க."

அந்த இடத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன். உன் பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். அவளுக்கு என்ன என்று நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

தீர்ந்துபோச்சு என்றாயாமே யக்கா. என் தங்கச்சி ஊற்ற மாட்டேன் என்றுவிட்டாள் என்று சொல்லியிருக்கலாம். உன் வாய்க்கு அது ஒரு பேச்சா? என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கலாம். அந்த நாலு மணி நேரமும் என்னைத் திட்டிக்கொண்டே படுத்திருந்தாய் என்று கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நான். எதுக்கு யக்கா என்று. எதுக்கு என்று கேட்பதுபோலத்தான் அன்று பேசினேன், ஆனால் நீ பதில் சொல்வதற்கு நான் இடம் விடவில்லை. பட்டியல் எனக்கு மனப்பாடம். பட்டியலில் அரிசி உண்டு, கேழ்வரகு இல்லை. அதைத் தாண்டி, எவ்வளவு, எப்போது என்று ஒன்று இருப்பதை அந்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சொன்ன அன்றே நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அவர் உனக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

கேன்டீனில் இப்போதும் புதன்கிழமை சிறுதானியம்தான். சுவரில் அரிசிமேல் சிவப்புக் கோடு போட்ட படம் வெளுத்துப்போய்த் தொங்குகிறது. போன மாதம் அசெம்ப்ளி லைனில் ஒருவர், அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய்விட்டது, தினமும் கம்பங்கூழ் கொடுக்கிறேன், சத்து என்கிறார்களே என்றார். தட்டைக் கீழே வைக்கச் சொல்லி, அவரை டாக்டரிடம் கேட்டுவிட்டு மறுவேலை பார்க்கச் சொன்னேன். அப்படியே, மெஷினில் போட்டிருந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன கொடுக்கலாம் என்றும் கேளுங்கள் என்றேன். அவர் பேந்தப் பேந்த விழித்தார். சோற்றுப் பாத்திரத்தில் இப்போது வேறு ஒருத்தி நிற்கிறாள். கடிகாரம் பார்த்து இறக்குகிறாள். சோறு நன்றாகத்தான் இருக்கிறது. நான் மூன்றரைக்கு ஒரு கப் அளந்து போட்டுக்கொண்டு உட்கார்கிறேன். எதிரில் யாரும் குழி பறித்துச் சாம்பார் ஊற்றுவதில்லை.

இன்று காலை கோயிலிலிருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள், கரண்டி பிடிக்க. மாட்டேன் என்றுவிட்டேன். எதிர் வீட்டுச் சுமதியிடம் கொடுக்கச் சொன்னேன். பதினொரு மணிக்குமேல், உன் பெண் எனக்கென்று கொடுத்துப்போன உன் தூக்கை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். நீ கரண்டி பிடித்த வருடங்களில் எனக்குக் கூழ் வீட்டுக்கே வந்துவிடும்; வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. வெயில் உச்சந்தலையில் இறங்கியது. கால் கடுத்தது. நீ எந்தக் காலோடு நின்றாய் என்று நினைத்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. சுமதி தூக்கைப் பார்த்தாள். கைப்பிடியில் நீ சுற்றிய பச்சை நைலான் கயிறு இருக்கிறதே, யாருடையது என்று அவளுக்குத் தெரியும். போன வருடம் சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி. பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்குக் குடிக்க இல்ல சுமதி" என்றேன்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கரண்டியை அண்டாவின் அடிவரைக்கும் விட்டு, கலக்கி, மொண்டு, தூக்கு நிறைய ஊற்றினாள். மூடியைப் போட்டு, ஒரு அழுத்து அழுத்தி, என் கையில் கொடுத்தாள். தளும்பாமல் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சற்றுமுன் ஒரு டம்ளரை எடுத்து, சரியாகப் பாதி அளந்து ஊற்றிப் பார்த்தேன். கேன்டீனில் உன்னிடமிருந்து கால் கிலோ அரிசியைத் திருப்பி எடுத்த கைதானே, அளவு தப்பாது. நாளைக்குத் திங்கட்கிழமை. நீ மெஷினில் படுக்கிற நாள். டம்ளரை உன் வாசலைப் பார்த்த ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

அரை டம்ளர் என்பது மூன்று மடக்குதான் யக்கா. வேண்டுமென்றே மெதுவாகக் குடித்தால் நாலு.